பதிவெல்லாம் கட்டம் கட்டமாக உடைகிறது, டியூனரை மாற்றிவிடலாமா? – ஏற்காடு, ஃப்ரீ டிஷ்

நாகலூர்க்காரன் | செப்டம்பர் 24, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். வீடு ஏற்காட்டில், நாகலூர் போகிற வழியில். கொஞ்சம் காப்பித் தோட்டம், ஊடே மிளகு. அம்மா பகல் முழுக்கத் தோட்டத்தில்தான். டிடி தமிழில் பகலில் வருகிற இரண்டு மூன்று நிகழ்ச்சிகளை நான் பதிவு செய்து வைப்பேன், ராத்திரி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து பார்ப்பார்கள்.

என்னிடம் இருப்பது: மொட்டை மாடியில் ஃப்ரீ டிஷ்ஷுக்கான (தூர்தர்ஷனின் கட்டணமில்லாச் சேவை) 60 செ.மீ. டிஷ், சாதாரண யுனிவர்சல் எல்என்பி (டிஷ்ஷின் முன்னால் கம்பி நுனியில் அலையைப் பிடிக்கிற பெட்டி). அங்கிருந்து ஒரே கேபிள் கீழே வந்து ஒரு ஸ்பிளிட்டரில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று ஹாலில் இருக்கிற செட்டாப் பாக்ஸுக்கு, இன்னொன்று என் யுஎஸ்பி டியூனருக்கு (டிஷ் சிக்னலைப் பிசிக்குள் கொண்டுவருகிற டப்பா). டிவிபி-எஸ்2 (சேட்டிலைட் டிவிக்கான முறை) டியூனர், தனி அடாப்டர் உண்டு. பழைய மினி பிசியில் லினக்ஸ், அதில் டிவிஹெட்எண்ட் என்கிற பதிவு மென்பொருள். பதிவெல்லாம் 2 டிபி யுஎஸ்பி ஹார்ட் டிஸ்கில்.

மூன்று மாதமாக எந்தப் பதிவும் சுத்தமாக வருவதில்லை. முகம் பாதி சதுரமாகும், குரல் கீச்சென்று கத்தும், நாலு நொடி போய் அடுத்த வாக்கியத்தில் வந்து நிற்கும். அம்மா, 'உன் மிஷின் நல்ல இடமாப் பார்த்து முழுங்குது' என்கிறார்கள். இதில் கோபம் வருவது எதற்கென்றால், ஹாலில் நேரடியாகப் பார்த்தால் படம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆக டிஷ் சரி, டியூனர்தான் சரியில்லை என்று நினைக்கிறேன். இரண்டு டியூனர் உள்ள பிசிஐஇ கார்டு (பிசிக்குள் செருகுவது) வாங்கலாமா? ஒரே நேரத்தில் இரண்டு சேனல் பதிவும் தேவைப்படுகிறது. பத்தாயிரம் வரை போடலாம்.

சூரமங்கலம் | செப்டம்பர் 24, இரவு 10.05

மழைதான். வேறென்ன. டிஷ்ஷுக்கு வருகிற கே.யு. பேண்ட் அலையும் செப்டம்பர் மழையும் ஒத்துப்போனதாகச் சரித்திரம் உண்டா?

கொலுசுப்பட்டறை | செப்டம்பர் 24, இரவு 10.20

ஏற்காடு என்றால் முதலில் குரங்கைக் கேளுங்கள். ஒண்டிக்கடை பக்கம் என் மச்சான் வீட்டில் ஒரு குரங்கு தினமும் எல்என்பி கம்பியில் உட்கார்ந்து கொய்யா தின்னும். டிஷ் ஒரு விரற்கடை நகர்ந்தாலே போதும், படம் போய்விடும்.

நாகலூர்க்காரன் | செப்டம்பர் 24, இரவு 10.31

குரங்கு உண்டு, ஆனால் டிஷ் நகரவில்லை. நட்டில் பெயிண்ட் அடையாளம் வைத்திருக்கிறேன். மழை இல்லாத நாளிலும் உடைகிறது.

அம்மாபேட்டை அக்கா | செப்டம்பர் 25, காலை 6.15

தம்பி, கார்டு வாங்குவதைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். உங்கள் மினி பிசியில் பிசிஐஇ ஸ்லாட் இருக்கிறதா என்று முதலில் பார்த்தீர்களா? பெரும்பாலும் இருக்காது.

இரண்டாவது, 'நேரடியாகப் பார்த்தால் நன்றாக இருக்கிறது' என்பதை வைத்து டிஷ்ஷை விட்டுவிட முடியாது. செட்டாப் பாக்ஸில் ஒரு பாக்கெட் போனால் அது முந்தின படத்தை இழுத்து ஒட்டி மறைத்துவிடும். கண் சிமிட்டுகிற நேரம், உங்களுக்குத் தெரியாது. பதிவில் அதே ஓட்டை கோப்பிலேயே நின்றுவிடுகிறது. அப்புறம் நீங்கள் ஹாலில் உட்கார்ந்து பார்ப்பது எத்தனை மணிக்கு? ராத்திரியா? பதிவு பகலில். இரண்டும் வேறு வேறு நேரம்.

டிவிஹெட்எண்டில் ஸ்டேட்டஸ் பக்கம் திறந்தால் டியூனருக்கு எதிரே நாலைந்து எண்கள் ஓடும். அதில் மூன்றைப் பாருங்கள்: எஸ்என்ஆர் (இரைச்சலைவிடச் சிக்னல் எவ்வளவு பலம் என்கிற எண்), அன்கரெக்டட் பிளாக், கன்டினியூட்டி எரர். கடைசி இரண்டும் ஒன்று போலத் தோன்றும், ஆனால் உங்கள் விஷயம் முழுக்க அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

சேட்டிலைட்டிலிருந்து வருவது 188 பைட் பாக்கெட்டுகளின் வரிசை. ஒவ்வொரு வீடியோவுக்கும் ஆடியோவுக்கும் தனித்தனியாக 0 முதல் 15 வரை ஓடி மறுபடி 0க்கு வருகிற ஒரு எண் பாக்கெட்டின் தலையில் இருக்கும். பஸ் கண்டக்டர் டிக்கெட் கட்டைப் போல வைத்துக்கொள்ளுங்கள். 7க்கு அப்புறம் 10 வந்தால் நடுவில் இரண்டு கிழிந்து போயிருக்கிறது. அதுதான் கன்டினியூட்டி எரர். எங்கே கிழிந்தது என்று அது சொல்லாது. வானத்திலும் போயிருக்கலாம், உங்கள் யுஎஸ்பி ஒயரிலும் போயிருக்கலாம்.

அன்கரெக்டட் பிளாக் என்பதைச் சொல்வது டியூனரே. 'பிழை திருத்திப் பார்த்தேன், முடியவில்லை' என்று அது கைவிட்ட பாக்கெட்டுகளின் கணக்கு. ஆகவே இரண்டும் சேர்ந்து ஏறினால் கோளாறு டியூனருக்கு முன்னால்: டிஷ், எல்என்பி, கேபிள், வானம். அன்கரெக்டட் 0இலேயே நிற்க, கன்டினியூட்டி மட்டும் ஏறினால் கோளாறு டியூனருக்குப் பின்னால்: யுஎஸ்பி, டிஸ்க், பிசி. (சில டிரைவர்கள் இந்த எண்ணைக் காட்டவே காட்டாது, எப்போதும் 0 என்றே சொல்லும். டிஷ்ஷின் முன்னால் கையை வைத்து மறைத்துப் பாருங்கள். ஏறினால் உங்கள் டிரைவர் நல்லது.)

இரண்டு நாள் பதிவு ஓட்டி, எத்தனை மணிக்கு எது ஏறியது என்று எழுதி வையுங்கள். எஸ்என்ஆரையும் நிமிடத்துக்கு ஒருமுறை குறிக்க ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போட்டுவிடுங்கள்.

சூரமங்கலம் | செப்டம்பர் 25, காலை 8.02

அக்கா, டிஸ்க் வேகம் போதாமல் இருக்கலாமே?

அம்மாபேட்டை அக்கா | செப்டம்பர் 25, காலை 8.40

வேகம் என்றால் கணக்குப் போட்டுவிடலாம். ஒரு டிரான்ஸ்பாண்டரை, அதாவது பல சேனல்களை ஒன்றாகச் சுமந்து வருகிற ஒரு அலைவரிசையை எடுத்துக்கொள்ளுங்கள்: சிம்பல் ரேட் 29500, கியூபிஎஸ்கே, எஃப்இசி 3/4. நொடிக்கு 29.5 மில்லியன் சிம்பல், ஒவ்வொன்றிலும் 2 பிட், பிழை திருத்தத்துக்குப் போவதைக் கழிக்க 3/4உம் 188/204உம்: 29.5 × 2 × 3/4 × 188/204, வருவது 40.8 மெகாபிட். நொடிக்கு 5 மெகாபைட்டை ஒட்டி. அதுவும் அந்த டிரான்ஸ்பாண்டரில் உள்ள எல்லாச் சேனலையும் சேர்த்து. பத்து வருஷப் பழைய டிஸ்கும் இதை எழுதும். மலிவு பென்டிரைவ் என்றால்தான் யோசிக்க வேண்டும், அது எழுதிக்கொண்டே இருக்கும்போது திடீரென்று நின்று மூச்சு வாங்கும்.

இதிலேயே தம்பியின் இன்னொரு கேள்விக்கும் பதில் இருக்கிறது. பதிவு செய்ய வேண்டிய இரண்டு சேனலும் ஒரே டிரான்ஸ்பாண்டரில் இருந்தால் ஒரே டியூனர் போதும். டியூனர் பிடிப்பது சேனலை அல்ல, டிரான்ஸ்பாண்டரை. உள்ளே இருக்கிற பத்துப் பன்னிரண்டு சேனலும் ஏற்கெனவே பிசிக்குள் வந்துவிட்டது, நீங்கள் ஒன்றை மட்டும் எழுதிக்கொள்கிறீர்கள். டிவிஹெட்எண்ட் இதைத் தானாகவே செய்யும். உங்கள் இரண்டு சேனலும் எந்த மக்ஸ் (டிரான்ஸ்பாண்டருக்கு டிவிஹெட்எண்டில் உள்ள பெயர்) என்று பாருங்கள்.

நாகலூர்க்காரன் | செப்டம்பர் 25, பகல் 1.10

பார்த்தேன் அக்கா. ஒரே மக்ஸ்! இத்தனை நாள் ஒன்று முடியட்டும் என்று அடுத்ததைத் தள்ளி வைத்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருக்கிறது. பிசிஐஇ ஸ்லாட்டும் இல்லை.

டிஷ் மாமா | செப்டம்பர் 25, இரவு 8.30

அஸ்தம்பட்டியில் இருபது வருஷம் டிஷ் மாட்டினவன் சொல்கிறேன். கனெக்டரைக் கழற்றிப் பார்த்தாயா தம்பி? மலையில் பனி இறங்குகிற ஊர். எல்என்பியில் திருகியிருக்கிற எஃப் கனெக்டரைக் கழற்று, நடுக் கம்பியைப் பார். செம்பு செம்பாக இருக்க வேண்டும். போன வாரம் வெள்ளக்கடையில் ஒரு வீட்டில் கழற்றினேன், ஒரு சொட்டு தண்ணீர் என் கட்டை விரலில் விழுந்தது. கம்பி முழுக்கப் பச்சைக் களிம்பு. அந்தக் கேபிளில் அவர்கள் நாலு மாதம் படம் பார்த்திருக்கிறார்கள்! கேபிள் எல்என்பிக்குள் நுழைகிற இடத்துக்குக் கீழே ஒரு வளையம் தொங்க விட்டிருந்தால் தண்ணீர் அந்த வளையத்தின் அடியில் சொட்டிப் போயிருக்கும். நேராக மேலிருந்து இறக்கினால் கேபிள் வழியாகவே உள்ளே போகும்.

நாகலூர்க்காரன் | செப்டம்பர் 27, இரவு 10.15

கனெக்டர் சுத்தமாக இருக்கிறது மாமா, இருந்தாலும் புதிது போட்டு ரப்பர் டேப் சுற்றிவிட்டேன். வளையமும் விட்டாயிற்று.

கையை வைத்து மறைத்தேன் அக்கா, அன்கரெக்டட் ஏறுகிறது. ஆக எண்ணை நம்பலாம். இரண்டு நாள் கணக்கு கீழே. படித்தால் தலை சுற்றும், எனக்குச் சுற்றியது.

காலை 6 மணிப் பதிவில் பிழை எல்லாம் முதல் பத்து நொடிக்குள். அதற்கப்புறம் ஒரு மணி நேரம் ஒன்றுகூட இல்லை. இரண்டு நாளும் இப்படியே. அன்கரெக்டட் 0.

10.30 பதிவில் 10.53 வரை சுத்தம், 10.53லிருந்து 10.59 வரை நூற்றுக்கணக்கில் பிழை, மறுபடி சுத்தம். எஸ்என்ஆர் அந்த நேரத்தில் 10இலிருந்து 5 வரை இறங்கி ஏறியிருக்கிறது. இன்று இப்படி. நேற்றும் கிட்டத்தட்ட அதே நேரம்.

மாலை 3 மணிப் பதிவில் அங்கங்கே சிதறல். ஐந்து நிமிஷம் ஒன்றும் இல்லை, திடீரென்று பத்து, அப்புறம் இரண்டு, அப்புறம் முப்பது. எஸ்என்ஆர் 7க்கும் 10க்கும் நடுவே ஆடுகிறது. அன்கரெக்டட்டும் கூடவே ஏறுகிறது.

இரவு 8 மணிக்கு ஒரே ஒரு பெரிய வெட்டு. 8.02, மூன்று நொடி. முந்தின நாள் 7.58.

பிட்ரேட் | செப்டம்பர் 27, இரவு 10.50

அண்ணா, இது ஒரு கோளாறு இல்லை. நாலு கோளாறு ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கிறது.

ராத்திரி எட்டு மணி என்னவென்று நானே சொல்லிவிடுவேன். உங்கள் அம்மா அந்த நேரத்தில்தான் செட்டாப் பாக்ஸை ஆன் செய்கிறார்களா?

நாகலூர்க்காரன் | செப்டம்பர் 27, இரவு 10.58

ஆமாம்! செய்தி பார்க்க.

பிட்ரேட் | செப்டம்பர் 27, இரவு 11.20

அப்போது ஸ்பிளிட்டர்தான். எல்என்பிக்குக் கரண்ட் போவது இதே கேபிள் வழியாகத்தான், டியூனரும் கொடுக்கிறது, பாக்ஸும் கொடுக்கிறது. 13 வோல்ட் வந்தால் எல்என்பி செங்குத்து அலையை எடுக்கும், 18 வந்தால் கிடைமட்டம். பாக்ஸ் ஆன் ஆகும்போது எல்லாவற்றையும் ஒருமுறை தட்டிப் பார்க்கும். அது 18 கொடுத்த அந்த மூன்று நொடி உங்கள் டியூனர் கேட்டுக்கொண்டிருந்த அலை இல்லாமல் போகிறது. ஸ்பிளிட்டரில் இரண்டு பக்கமும் பவர் போகிற மாதிரி இருந்தால் பெரிய வோல்ட்தான் ஜெயிக்கும். அம்மா கிடைமட்ட அலையில் வருகிற சேனல் ஒன்றைப் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தால் உங்கள் பதிவு முழுக்கக் கறுப்பாகவே வரும்.

ஸ்பிளிட்டரைக் கழற்றிவிட்டு இரண்டு வாய் உள்ள எல்என்பி ஒன்று வாங்குங்கள், இரண்டு கேபிள் தனித்தனியாக. பத்தாயிரத்தில் ஒரு சின்ன மூலைதான் செலவாகும்.

அம்மாபேட்டை அக்கா | செப்டம்பர் 28, காலை 6.05

காலை 6 மணிக் கதையும் கிட்டத்தட்ட தெரிந்துவிட்டது. அன்கரெக்டட் 0, ஆகவே டியூனருக்குப் பின்னால். முதல் பத்து நொடி மட்டும். தம்பி, டியூனரும் ஹார்ட் டிஸ்கும் ஒரே யுஎஸ்பி ஹப்பிலா? அந்த ஹப்புக்குத் தனி அடாப்டர் உண்டா?

நாகலூர்க்காரன் | செப்டம்பர் 28, காலை 6.40

ஒரே ஹப். சேலம் பஸ் ஸ்டாண்டு பக்கம் வாங்கியது, அடாப்டர் இல்லாதது.

அம்மாபேட்டை அக்கா | செப்டம்பர் 28, காலை 7.15

ராத்திரி முழுக்க வேலை இல்லாமல் டிஸ்க் தூங்கிவிடுகிறது. 6 மணிக்குப் பதிவு என்றதும் எழுந்து சுழல ஆரம்பிக்கிறது. சுழலத் தொடங்குகிற அந்த நொடி 2.5 அங்குல டிஸ்க் 1 ஆம்பியர் வரை இழுக்கும். யுஎஸ்பி 2 வாய் ஒன்றின் கணக்கு 0.5தான். ஹப் தடுமாறி விழுந்து எழுகிறது, கூடவே டியூனரின் இணைப்பும். கெர்னல் லாக்கில் (லினக்ஸ் தானே எழுதி வைக்கிற குறிப்பு) 6 மணிக்கு 'யுஎஸ்பி ரீசெட்' என்று ஒரு வரி இருக்கும், பாருங்கள். இருந்தால் டிஸ்கைப் பிசியின் நேர் வாயில் குத்துங்கள், நீல நிற யுஎஸ்பி 3 வாய் இருந்தால் அதில். ஹப்பை டியூனருக்கு மட்டும் விடுங்கள், இல்லையென்றால் தூக்கிப் போடுங்கள்.

எச்டிபார்ம் என்கிற லினக்ஸ் கட்டளையில் டிஸ்க் தூங்கும் நேரத்தை 0 ஆக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். நல்லதுதான், ஆனால் பல யுஎஸ்பி டப்பாக்கள் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளாது. பதிவுக்கு இரண்டு நிமிஷம் முன்னால் டிஸ்கில் ஒரு வெற்றுக் கோப்பு எழுதச் சொல்லி கிரானில் (குறித்த நேரத்தில் வேலையைச் செய்கிற லினக்ஸ் வசதி) ஒரு வரி போட்டால் போதும், எழுந்து தயாராக இருக்கும்.

நாகலூர்க்காரன் | செப்டம்பர் 28, காலை 7.32

6.00.04க்கு ரீசெட். நேற்றும் முந்தாநாளும் அதே. அக்கா, கும்பிடுகிறேன்.

டிஷ் மாமா | செப்டம்பர் 28, காலை 8.10

தம்பி, இன்றைக்கு நீ வீட்டில் இருக்கிறாயா? 10.45க்கு மாடி ஏற முடியுமா? அந்த 10.53 கதை சூரியன். பயப்படாதே, யார் வீட்டு டியூனரும் காரணம் இல்லை.

ஃப்ரீ டிஷ் வருகிற ஜிசாட் 15 சேட்டிலைட் நிலநடுக்கோட்டுக்கு மேலே 93.5 டிகிரி கிழக்கில் நிற்கிறது. வருஷத்தில் இரண்டு முறை, மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும், நம் ஊரிலிருந்து பார்த்தால் சூரியன் அதன் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கும். டிஷ்ஷுக்கு இரண்டும் ஒரே திசை. சூரியனின் இரைச்சலில் சேட்டிலைட்டின் குரல் அமுங்கிப் போகும். சேலத்துக்கு இந்த மாதக் கடைசியில் 11 மணிக்குச் சற்று முன்னால், சில நிமிஷம், ஒரு ஏழெட்டு நாள். அப்புறம் தானாகவே போய்விடும். இதற்கு மருந்து கிடையாது.

ஆனால் எனக்கு உன் 3 மணிக் கதைதான் உறுத்துகிறது. எஸ்என்ஆர் 7க்கும் 10க்கும் ஆடுகிறது என்றால் ஏதோ ஒன்று குறுக்கே அசைகிறது. உங்கள் மலையில் மதியத்துக்கு மேல் காற்று வரும். டிஷ்ஷுக்குத் தென்கிழக்கே மரம் உண்டா?

நாகலூர்க்காரன் | செப்டம்பர் 28, காலை 8.25

சில்வர் ஓக் வரிசையே உண்டு மாமா, மிளகு ஏற்றியிருக்கிறோம். ஆனால் சேட்டிலைட் ரொம்ப உயரத்தில் அல்லவா இருக்கிறது? டிஷ் ஏறக்குறைய வானத்தைத்தான் பார்க்கிறது. மரம் எப்படி மறைக்கும்?

டிஷ் மாமா | செப்டம்பர் 28, காலை 8.50

அப்படி நினைத்துத்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். சேலத்திலிருந்து ஏறுகோணம் 67 டிகிரி சுற்று. அதாவது டிஷ்ஷிலிருந்து 1 அடி தள்ளிப் போனால் கோடு 2.4 அடி மேலே ஏறுகிறது. உன் மரம் எவ்வளவு உயரம்? 60 அடி என்று வை. மாடி 12 அடி. மிச்சம் 48. அதை 2.4ஆல் வகுத்தால் 20. தென்கிழக்கில் 20 அடிக்குள் அந்த மரம் நின்றால் உச்சி குறுக்கே வரும். வேறு எந்தத் திசையில் 10 அடியில் நின்றாலும் கவலை இல்லை.

அளந்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். இன்றைக்குச் சூரியனே உனக்கு அளந்து கொடுக்கும். 10.55 சுற்றில் சூரியன் நிற்கிற இடம்தான் சேட்டிலைட் நிற்கிற இடம். அந்த நேரத்தில் மரத்தின் நிழல் டிஷ்ஷின் மேல் விழுந்தால் மரம் குறுக்கே இருக்கிறது. விழவில்லை என்றால் இல்லை. வருஷத்தில் இரண்டு வாரம்தான் இந்தச் சோதனை கிடைக்கும், விட்டுவிடாதே.

கொலுசுப்பட்டறை | செப்டம்பர் 28, காலை 9.05

மாமா, இருபது வருஷத்தில் இதை எத்தனை வீட்டில் சொன்னீர்கள்? எங்கள் வீட்டில் கம்பத்தை மூன்று முறை பிடுங்கி நட்டோமே!

நாகலூர்க்காரன் | செப்டம்பர் 28, மாலை 5.30

10.40க்கு ஏறினேன். கிளியூர் பக்கமிருந்து ஒரே மூடுபனி, டிஷ்ஷே மங்கலாகத்தான் தெரிந்தது. 11.20 வரை நின்றேன். சூரியன் வரவே இல்லை. நனைந்ததுதான் மிச்சம்.

நாகலூர்க்காரன் | செப்டம்பர் 29, பகல் 12.05

இன்றைக்கும் பனி. ஆனால் 10.50க்கு ஒரு கிழிசல் விட்டது.

மாமா, இதை நேரில் பார்க்க வேண்டும். எல்என்பி முகத்தில் சின்னதாக ஒரு வெளிச்சப் பொட்டு மெல்ல நகர்ந்து வந்து நடுவில் உட்கார்ந்தது, டிஷ் சூரியனை அங்கே குவிக்கிறது. அதே நேரம் டிஷ்ஷின் மேல் பாதியில் நிழல். முழு நிழல் இல்லை, சீப்பின் பல் போலக் கிழிந்த இலை நிழல், காற்று அடித்தால் நடு வரைக்கும் வந்து போகிறது. சில்வர் ஓக்கின் உச்சிக் கொழுந்து. டேப் வைத்து அளந்தேன், டிஷ்ஷிலிருந்து அடிமரம் 17 அடி. நாலு வருஷம் முன்பு டிஷ் மாட்டியபோது அந்த மரம் இவ்வளவு உயரம் இல்லை.

டிஷ் மாமா | செப்டம்பர் 29, பகல் 12.40

17 அடியில் கோடு டிஷ்ஷுக்கு மேல் 41 அடியில் போகிறது. உன் மரம் 48 என்றால் உச்சியின் 7 அடிதான் குறுக்கே. அதனால்தான் காற்று இல்லாத நேரம் தப்பிக்கிறாய். மழை பெய்து இலை நனைந்தால் இன்னும் மோசம், ஈர இலை அலையைக் குடித்துவிடும்.

சூரமங்கலம் | செப்டம்பர் 29, பகல் 12.55

உச்சியைக் கழித்துவிட வேண்டியதுதானே?

நாகலூர்க்காரன் | செப்டம்பர் 29, பகல் 1.10

அம்மாவிடம் கேட்டேன். 'அந்த மரத்து மிளகுக் கொடி வயசு உனக்குத் தெரியுமா, டிவிக்காக மேலே கையை வைப்பியா?' அத்தோடு முடிந்தது. டிஷ்ஷை மாடியின் அடுத்த மூலைக்கு, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் மாற்றுகிறேன். மரத்திலிருந்து 29 அடி வரும்.

பிட்ரேட் | செப்டம்பர் 29, இரவு 9.15

அதுவே போதும், இனி பத்து வருஷம் கவலை இல்லை. கேபிள் நீளம் கூடுமே? எவ்வளவு?

நாகலூர்க்காரன் | செப்டம்பர் 29, இரவு 9.30

35 மீட்டர் இருந்தது, 40 ஆகும். புதிது இரண்டு இழுக்க வேண்டும்.

டிஷ் மாமா | செப்டம்பர் 29, இரவு 9.55

40 மீட்டருக்கு ஆர்ஜி 6 கேபிள் தாங்கும். ஆனால் கடையில் நடுக் கம்பியை வெட்டிக் காட்டச் சொல். காந்தத்தை வை. ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே செம்புப் பூச்சு. படத்துக்கு அதுவும் பரவாயில்லை, ஆனால் 18 வோல்ட் 40 மீட்டர் மேலே போய்ச் சேரும்போது இளைத்துவிடும், கிடைமட்டச் சேனல்கள் மட்டும் வராமல் போகும். முழுச் செம்பு வாங்கு.

ஐந்து ரோடு | செப்டம்பர் 30, காலை 11.20

இழைக்குப் புதிது, மன்னிக்கவும். எனக்கும் பதிவு வேண்டும், டியூனர் இல்லை. ஒரு கடையில் 'டிவி டியூனர்' என்று ஒரு டப்பா காட்டினார்கள், மலிவுதான். வாங்கலாமா?

அம்மாபேட்டை அக்கா | செப்டம்பர் 30, பகல் 12.00

அட்டையில் என்ன எழுதியிருக்கிறது? டிவிபி-எஸ் அல்லது எஸ்2 என்று இல்லாவிட்டால் வைத்துவிட்டு வாருங்கள். கடைகளில் இன்னும் தூங்குகிற 'டிவி டியூனர்' பல, பழைய அனலாக் கேபிளுக்கானவை. டி அல்லது டி2 என்று இருப்பது தரைவழி ஒளிபரப்புக்கு, சி என்பது கேபிளுக்கு. டிஷ் ஒயர் அவற்றில் சிலவற்றில் நன்றாகவே பொருந்தும், படம் மட்டும் வராது.

எஸ்2வே வாங்குங்கள். பழைய எஸ் சேனலும் அதில் வரும், எம்பெக் 4 சேனல்கள் கூடும்போதும் கை கொடுக்கும். எஸ்2எக்ஸுக்குக் கூடுதல் காசு கொடுக்க ஃப்ரீ டிஷ்ஷில் ஒரு காரணமும் இல்லை. பெரிய டெஸ்க்டாப் என்றால் பிசிஐஇ கார்டு நல்லது, ஹப் கதை எதுவும் கிடையாது. டிபிஎஸ் 6902 மாதிரி இரண்டு டியூனர் உள்ளவை உண்டு. ஆனால் லினக்ஸில் சில கார்டுகளுக்கு டிரைவரைத் தனியாக ஏற்ற வேண்டும். கெர்னல் அப்டேட் வந்த மறுநாள் காலை பதிவு இருக்காது, அனுபவத்தில் சொல்கிறேன்.

எனக்குப் பிடித்தது சாட் ஐபி பெட்டிதான். 2012இல் எஸ்இஎஸ் நிறுவனம் கொண்டுவந்த முறை. டிஷ் ஒயர் பெட்டிக்குள் போகும், வெளியே வருவது நெட்வொர்க் ஒயர். பிசி எந்த அறையிலும் இருக்கலாம். ஒரே நிபந்தனை, வைஃபையில் ஓட்டாதீர்கள். அந்தப் பெட்டி, பாக்கெட் தொலைந்தால் பிசி திரும்பக் கேட்காத வகையில்தான் அனுப்பும். வைஃபை ஒருமுறை தும்மினால் பதிவில் ஒரு கட்டம்.

ஐந்து ரோடு | செப்டம்பர் 30, பகல் 12.25

கட்டணச் சேனல்களும் வருமா மேடம்?

அம்மாபேட்டை அக்கா | செப்டம்பர் 30, பகல் 12.32

வராது. அவை பூட்டு போட்டு வருகின்றன, சாவி அந்தந்த நிறுவனத்தின் பாக்ஸில். அவற்றுக்கு அவர்களின் ரெக்கார்டர் பாக்ஸ்தான். அதில் பதிவானதும் பெரும்பாலும் அந்தப் பாக்ஸில் மட்டுமே ஓடும்.

கொலுசுப்பட்டறை | செப்டம்பர் 30, இரவு 8.45

பிசியே வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பென்டிரைவ் குத்திப் பதிவு செய்கிற ஃப்ரீ டிஷ் பாக்ஸ் ஒன்று எங்கள் பட்டறையில் ஓடுகிறது. பதிவு ரொம்ப நீளமாகப் போனால் கோப்பு துண்டு துண்டாக இருக்கும், அதைக் கோளாறு என்று நினைத்து நான் இரண்டு பென்டிரைவ் மாற்றினேன். அப்புறம்தான் தெரிந்தது, பென்டிரைவில் உள்ள ஃபேட்32 என்கிற அமைப்பில் ஒரு கோப்பு 4 ஜிபிக்கு மேல் போகாது, பாக்ஸ் தானே வெட்டி அடுத்த கோப்பைத் தொடங்குகிறது.

பிட்ரேட் | செப்டம்பர் 30, இரவு 9.10

அதே ரகத்தில் இன்னொன்று. சில சமயம் ஒரு மணி நேரப் பதிவு விஎல்சி பிளேயரில் 26 மணி நேரம் என்று காட்டும், நடுவில் ஓட்டினால் தாவும். படத்தில் ஒரு பிழையும் இருக்காது. ஒளிபரப்பில் வருகிற கடிகாரம் 33 பிட், நொடிக்கு 90,000 துடிப்பு. இருபத்தாறரை மணி நேரத்துக்கு ஒருமுறை நிரம்பி 0க்குத் திரும்பும். அந்த நொடி உங்கள் பதிவுக்குள் விழுந்தால் பிளேயர் குழம்பிவிடுகிறது. எஃப்எஃப்எம்பெக் என்கிற மென்பொருளில் மறு-என்கோட் இல்லாமல் ஒருமுறை ஓட்டி வேறு கோப்பாக எடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

நாகலூர்க்காரன் | அக்டோபர் 9, இரவு 9.50

தாமதத்துக்கு மன்னியுங்கள், ஆள் கிடைக்கவில்லை, கடைசியில் நானே கம்பம் நட்டேன். டிஷ் தொட்டிப் பக்கம் போய்விட்டது. இரண்டு வாய் எல்என்பி, இரண்டு செம்புக் கேபிள். கடைக்காரர் காந்தத்தைப் பார்த்ததும் உள்ளேபோய் வேறு ரோல் எடுத்து வந்தார் மாமா! டிஸ்க் இப்போது நேர் வாயில்.

எஸ்என்ஆர் 11.8, மதியக் காற்றிலும் அரைப் புள்ளிக்கு மேல் ஆடவில்லை. ஆறு நாளில் பதினேழு பதிவு. பதினாறில் பிழை 0. மிச்சம் ஒன்று செவ்வாய்க்கிழமை இடி மழையில், நாற்பது நிமிஷம் ஒன்றுமே இல்லை. அதற்கு நான் யாரையும் கேட்கப் போவதில்லை.

டியூனர் பழையதுதான். பத்தாயிரத்தில் கேபிள், எல்என்பி எல்லாம் போக மிச்சம் அம்மாவிடம் கொடுத்தேன், உரத்துக்குப் போய்விட்டது.

டிஷ் மாமா | அக்டோபர் 9, இரவு 10.10

நல்லது. மார்ச் 15 வாக்கில் காலை 11.15க்கு இன்னொரு தடவை மாடி ஏறி நிழலைப் பார்த்துவிடு. அடுத்த மரமும் வளரும்.

நாகலூர்க்காரன் | அக்டோபர் 9, இரவு 10.16

சரிங்க மாமா. அப்போது மிளகு பறிக்கிற ஏணி அந்த வரிசையில்தான் சாய்ந்திருக்கும். ஏணி நிழல் விழுந்தாலும் சொல்கிறேன்.